மண்ணுக்கு யார் பணம் போடுவது?

கேள்வி: காவிரி டெல்டாவில் அப்பாவுக்கு 5 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மண் பரிசோதனையில் கரிமச் சத்து 0.38 சதவீதம் என்று வந்திருக்கிறது. ஒரு தனியார் நிறுவனத்தார் வீட்டுக்கே வந்து, மண்ணில் கார்பனைச் சேர்த்தால் வருடா வருடம் பணம் தருவதாகச் சொல்லி ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நம்பலாமா? பருவநிலை, உணவுப் பாதுகாப்பு என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, மண்ணை மீட்க அந்தப் பணம் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேருமா?

பதில்: நான் 26 வருடம் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மண்ணை மீட்கப் பணம் இருக்கிறது. ஆனால் அது வரும் வழியும் வரும் நேரமும் மண்ணுக்குப் பொருந்தவில்லை. கார்பன் பணம் இந்த வரிசையில் கடைசியில் வருவது, தொகையும் சின்னது. அதை நம்பி மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் 5 ஏக்கருக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 850 டன். கரிமச் சத்து 0.38-லிருந்து 0.48 ஆக ஏறினால், ஏக்கருக்கு 850 கிலோ கார்பன் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கரியமில வாயுக் கணக்கில் சொன்னால் அதை 3.67 ஆல் பெருக்க வேண்டும், அதாவது சுமார் 3.1 டன். நம் வெயிலில் மண்ணில் இருக்கும் மக்கு (மட்கிய தழையும் சாணமும்) சீக்கிரம் எரிந்துபோகும். அதனால் இந்த 0.1 சதவீதத்தை ஏற்றவே நல்ல பராமரிப்பில் சில வருடங்கள் ஆகும். 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்கு 10 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று பேச்சுக்கு எடுத்தால் ஏக்கருக்கு 5 வருடத்துக்கும் சேர்த்து சுமார் 2,600 ரூபாய். வருடத்துக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் சொச்சம். மண் மாதிரி எடுக்கும் செலவு, சரிபார்ப்பவர் கட்டணம், பதிவுச் செலவு, நிறுவனத்தின் பங்கு எல்லாம் இதிலிருந்துதான் கழியும். பாதி உங்கள் கைக்கு வந்தால்கூட 5 ஏக்கருக்கும் ஒரு சால் உழவுக் கூலிக்குக் காணாது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. மண் கார்பனுக்குக் கிரெடிட் (ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்ததற்கு ஒன்று என்று கணக்கிட்டு விற்கும் சான்று) கொடுத்த ஆரம்பத் திட்டங்களில் ஒன்று மேற்குக் கென்யாவில், கிசுமு, கிட்டாலே பகுதிகளில் நடந்தது. உலக வங்கியின் நிதி ஒன்று பின்னால் நின்றது, சுவீடனைச் சேர்ந்த வி அக்ரோஃபாரஸ்ட்ரி என்ற அமைப்பு களத்தில் வேலை செய்தது. 45,000 ஹெக்டேரில் சுமார் 60,000 சிறு விவசாயிகளைச் சேர்ப்பது திட்டம். 2014 ஜனவரியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கிரெடிட் 24,788 டன். சேர்ந்தவர்கள் இலக்கில் பாதிப் பேர்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஒரு டன் கூடத் தேறாது. அப்படியானால் அந்தத் திட்டம் வீணா என்றால், நிச்சயமாக இல்லை. மூடாக்கு (நிலத்தைத் தழை, வைக்கோலால் மூடுவது), தொழுவுரம், மரப்பயிர் எல்லாம் வந்ததில் நிலம் தேறியது, மக்காச்சோள மகசூல் கூடியது. அந்த விவசாயிகளின் லாபம் அதில்தான் இருந்தது. கார்பன் கிரெடிட் அவர்களைத் தேடி ஆட்களையும் பயிற்சியையும் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

நெல் வயல் என்பதால் இன்னொன்றும் பேசுவார்கள்: தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து கிளம்பிக் காற்றைச் சூடேற்றும் மீத்தேன் வாயு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்பது நிஜம், அதற்குக் கிரெடிட் உண்டு என்பதும் நிஜம். ஆனால் அதைச் சரிபார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கார்பன் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா என்ற அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் திட்டங்களை மொத்தமாக நிராகரித்தது. அப்புறம், உங்கள் வயல் வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறதா, கடைமடையில் இருக்கிறதா? வயல் விட்டு வயல் தண்ணீர் பாயும் இடத்தில், எப்போது காயவிடுவது என்பது உங்கள் அப்பா கையில் இல்லை. ஆழ்துளைக் கிணறு இருந்தால் பேச்சு வேறு.

சரி, மண் ஏன் கெட்டது, அதற்கு எவ்வளவு பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். அதன் உண்மையான விலை இதைப் போலப் பல மடங்கு, மீதியை மத்திய அரசு கட்டுகிறது. 2010-இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்தபோது யூரியாவை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். மற்ற உரங்கள் விலை ஏறின, யூரியா மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. கையில் காசு குறைவாக இருக்கிறவர் எதை அள்ளிப் போடுவார்? பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், பூச்சியும் கூடவே வரும், மண்ணில் மக்கு ஏறாது. அதிகப்படியான தழைச்சத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவை விட 273 மடங்கு சூடேற்றக்கூடியது.

உக்ரைன் போரால் உர நெருக்கடி வந்த 2022-23-இல் இந்த மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. பிறகு குறைந்து 2 லட்சம் கோடிக்குக் கீழே வந்தது. இதன் பக்கத்தில் 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த தேசிய இயற்கை வேளாண் இயக்கத்தை வைத்துப் பாருங்கள்: மொத்தம் 2,481 கோடி, அதிலும் மாநிலங்களின் பங்கு 897 கோடி. உர மானியத்தில் 100 ரூபாய் என்றால் இது 2 ரூபாய் கூட இல்லை. தமிழ்நாட்டு வேளாண் பட்ஜெட்டில் 2024-25-இல் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்துக்கு 206 கோடி. நல்ல திட்டம், பசுந்தாள் உர (வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழும் பயிர்) விதை, மண்புழு உரம் என்று சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். தொகைதான் பற்றாது.

உலக அளவிலும் இதே கதை. பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் மாநாடு 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்தபோது சொன்ன கணக்கு: நிலத்தை மீட்க 2030 வரை வருடத்துக்கு 35,500 கோடி டாலர் தேவை, வந்துகொண்டிருப்பது 7,700 கோடி. தனியார் பணம் அதில் வெறும் 6 சதவீதம். பெரிய முதலீட்டாளர்கள் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிகிறது. 5 ஏக்கர் மண் தேறினால் வரும் லாபம் ஒரு குடும்பத்துக்கும், பக்கத்து வாய்க்காலுக்கும், காற்றுக்கும் பிரிந்து போகும். வட்டி வசூலிக்க ஓர் இடம் இல்லை.

இனி நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. பயிர்க்கடன் என்பது ஒரு போகத்துக்கான பணம். நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு வருடா வருடம் கடன் அளவை முடிவு செய்யும். விதை, உழவு, உரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் அதில் இருக்கும். கூட்டுறவு சங்கத்தில் அந்தக் கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உர மூட்டையாகவும் வரும். கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. இதை விட மலிவான பணம் உலகத்தில் எந்த விவசாயிக்கும் கிடைக்காது என்றே சொல்லலாம். ஆனால் பாருங்கள், உரம் வேண்டாம் என்கிறவருக்கு அந்த உரப் பகுதிக்குப் பதிலாகத் தொழுவுரமோ, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டின் விதையோ கிடைப்பதில்லை. மண் தேற 3 வருடம் வேண்டும் என்றால், அந்த 3 வருடத்தைத் தாங்கும் கடன் அந்தப் படிவத்தில் கிடையாது. எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ‘சார், ரெண்டு வருஷம் மகசூல் குறையும்கிறாங்க, தவணைய என்ன பண்றது’ என்று கேட்டிருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. என்னிடம் பதில் இருந்ததில்லை.

மண்ணை மீட்பதில் செலவு எங்கே விழுகிறது என்பது இதில் இருக்கிறது. விதை, சாணம், மூடாக்கு எல்லாம் பெரிய செலவு இல்லை. ரசாயன உரத்தைக் குறைக்கும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் மகசூல் தள்ளாடும், கை வேலை கூடும், களை வரும். அந்தத் தள்ளாட்டத்தை யார் தாங்குகிறாரோ அவர்தான் மண்ணுக்கு உண்மையான முதலீட்டாளர். இன்றைக்கு அது உங்கள் அப்பா. வீட்டில் சாணம் அள்ளி, கரைசல் கலக்கி, கூலி இல்லாமல் களை பறிக்கும் உங்கள் அம்மா.

இந்தத் தள்ளாட்டத்துக்கு யாரும் பணம் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். மாற்று உரம் கையிருப்பில் இல்லை, பயிற்சி இல்லை, இடைக்காலத்துக்கு விவசாயிக்கு ஒரு சல்லிக்காசு உத்தரவாதம் இல்லை. சீனாவிலிருந்து வந்த இயற்கை உரக் கப்பலில் கிருமி இருப்பதாகத் திருப்பி அனுப்பி, பிறகு அந்த நிறுவனத்துக்கு 69 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. நவம்பரில் தடையை விலக்கினார்கள், 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். முதலில் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. இயற்கை வேளாண்மை தோற்றது என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2 வருடம் தாங்குவதற்கான நிதி இல்லாமல் ஒரு நாட்டையே இறக்கிவிட்டதுதான் அங்கே நடந்த தவறு. அதனால்தான் உர மானியத்தை உடனே வெட்டு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

எதிர்த்திசையில் ஆந்திராவைப் பாருங்கள். 2016 வாக்கில் அரசே தொடங்கிய இயற்கை வேளாண் திட்டம், ரைது சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. விஜய்குமார் அதன் முகம். மத்திய, மாநிலப் பணம், அசிம் பிரேம்ஜி அறக்கொடை, ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடன் என்று பல கைகள் சேர்ந்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது பணம் எங்கிருந்து வந்தது என்பதை விட, எதற்குப் போனது என்பது. இடுபொருளை இலவசமாகக் கொடுப்பதில் அவர்கள் அதிகம் செலவிடவில்லை. நன்றாகச் செய்து காட்டிய விவசாயிகளையே சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர்களாக வைத்தார்கள். பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வீடு வீடாகப் போனார்கள். ஊரே தெரிந்த ஒருத்தர் வாராவாரம் வயலுக்கு வந்து நின்றால், தள்ளாடும் வருடத்தில் கைவிடாமல் இருக்க அது பெரிய தெம்பு. மழைக்கு முன்பே பலதானிய விதைகளை உலர் மண்ணில் விதைத்து நிலத்தை மூடி வைக்கும் முறை அனந்தபுரம் மாதிரி வறண்ட மாவட்டத்திலும் பரவியது அப்படித்தான்.

அங்கேயும் பெரிய பணம் ஏமாற்றியது. 2024-க்குள் 60 லட்சம் விவசாயிகளையும் மாற்றுவோம் என்று 2018-இல் அறிவித்தபோது, சர்வதேச வங்கி ஒன்றும் ஐ.நா. அமைப்பும் சேர்ந்து 200 கோடி டாலருக்கு மேல் திரட்டித் தருவதாகப் பேச்சு. இலக்கை எட்டவில்லை. மகசூல் பற்றி வேளாண் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனாலும் பல லட்சம் குடும்பங்கள் உள்ளே வந்திருக்கின்றன. மண் கார்பன் ஆய்வில் வாழ்நாள் செலவிட்ட ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு இவர்களோடு சேர்த்து 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியான் பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

மத்திய அரசிடம் நல்ல யோசனை ஒன்று ஏற்கனவே கையில் இருக்கிறது. 2023 ஜூனில் ஒப்புதல் கொடுத்த பி.எம்.-பிரணாம் திட்டம், ஒரு மாநிலம் ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்தால் மிச்சமாகும் உர மானியத்தில் பாதியை அந்த மாநிலத்துக்கே நிதியாகத் தருவதாக ஏற்பாடு. புதிதாகப் பணம் தேட வேண்டாம், இருக்கும் பணமே திசை மாறுகிறது. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. உரத்தை முதலில் விவசாயி குறைக்கிறார், நஷ்டம் இருந்தால் அதுவும் அவருக்கே, மிச்சம் பிற்பாடு மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. என் கையில் அதிகாரம் இருந்தால் அதே மிச்சத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே, 3 வருடத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயி கணக்கில் போடுவேன். பசுந்தாள் மடக்கினாரா, வைக்கோலை எரிக்காமல் விட்டாரா, பயறு போட்டாரா என்று செய்த வேலையைப் பார்த்துக் கொடுப்பேன். மண்ணில் எத்தனை கிலோ கார்பன் ஏறியது என்று ஒவ்வொரு துண்டு வயலிலும் அளக்கப் போனால் அளப்பவருக்குத்தான் காசு போய்ச் சேரும்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கோளாறு உண்டு. ஊர்ச் சராசரி மகசூலை வைத்து இழப்பீடு கணக்கிடுவதால், மண்ணைத் தேற்றி வறட்சியைத் தாங்கியவருக்கும் தேற்றாதவருக்கும் பிரீமியம் ஒன்றுதான். குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வாய்வார்த்தைக் குத்தகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எருவில் பணம் போடமாட்டார், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் இல்லாதவருக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டம். உங்கள் அப்பா சொந்த நிலத்துக்காரர் என்பது பெரிய பலம்.

மண்ணுக்குப் பணம் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் டெல்டாவுக்கு வரும். மந்தையின் தலைவரான கீதாரி வந்து பேசி, இத்தனை ஆடு, இத்தனை ராத்திரி, இவ்வளவு கூலி என்று முடிவாகும். முன்பு நெல்லாகவும் கொடுத்தார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலிலேயே விழும், கோடை உழவில் மண்ணோடு சேரும். மேய்ப்பவருக்குப் பிழைப்பு, நிலத்துக்கு உணவு, நடுவில் தரகர் இல்லை. இப்படி வயலில் ஆட்டுக்கிடை போடுவது இன்றும் நடக்கிறது. அந்தக் கூலிக்கும் பயிர்க்கடன் அளவில் ஓர் இனம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதே போல 2004 சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினம் வயல்களில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் விவசாயிகளோடு நின்று தக்கைப்பூண்டும் தழையுமாகப் போட்டு மீட்டுக் காட்டினார். அங்கே யாரும் விவசாயியிடம் கடன் பத்திரம் நீட்டவில்லை.

இனி உங்கள் விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் தமிழ் நகலைக் கேளுங்கள். எத்தனை வருடக் கட்டுப்பாடு, இடையில் நிலத்தை விற்றாலோ பாகம் பிரித்தாலோ என்ன ஆகும், ஏறிய கார்பன் ஒரு வெள்ளத்திலோ வறட்சியிலோ இறங்கினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, மண் பரிசோதனைக் காசு யாருடையது, விற்ற விலையில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், இதில் சேர்ந்தால் அரசுத் திட்டம் எதிலும் சேர முடியாமல் போகுமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதல் பணம் எந்த வருடம் வரும் என்று தேதி சொல்லத் தயங்கினால் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு அந்த நிறுவனம் அவசியமே இல்லை.

5 ஏக்கரையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஒன்றரை ஏக்கரில் தொடங்குங்கள், மீதி வழக்கம் போல நடக்கட்டும், தவணைக்கு அது தாங்கும். மண் களியாக இருந்தால் ஏரி வண்டல் தேவையில்லை. மணல் கலந்த நிலமாக இருந்தால் வட்டாட்சியர் அனுமதியோடு நஞ்சைக்கு ஏக்கருக்கு 25 டிராக்டர் லோடு வரை இலவசமாக எடுக்கலாம், வண்டி வாடகை மட்டும்தான் செலவு. ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் உரம் தயாரிக்கும் கூடம் போடக் கேளுங்கள். 2 கோடி வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 வருடத்துக்கு உண்டு, மண்ணின் காலக்கணக்குக்குக் கொஞ்சமாவது ஒத்துவரும் கடன் எனக்குத் தெரிந்து அதுதான்.

தக்கைப்பூண்டு விதை மானியத்தில் வருகிறதா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஏப்ரலிலேயே பெயர் கொடுத்து வையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ போதும். கோடை மழை ஈரத்தில் விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிட்டு, சம்பா நடவுக்கு முன் மட்க விடுங்கள். அந்த ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் அடியுர யூரியாவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 3 வருடம் கழித்து அதே இடத்தில் மண் எடுத்து, அதே ஆய்வகத்திலேயே கொடுங்கள். ஆய்வகம் மாறினால் 0.38-ஐயும் புது எண்ணையும் ஒப்பிட முடியாது.